நமக்கென ஒரு வெண்பா
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"கவிதை நமக்கு ஏன் வேண்டும்? அதை நாமே எழுதக் கற்பது எப்படி?" என்ற பொருள்பற்றிப் பேசும்படி நமது காரியதரிசி என்னைக் கேட்டுக்கொண்டார். நான் கவிஞன் அல்லேன். பல்கலைக்கழகத்திலே நான் படிப்பது கணிதம். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றவர்கள் இச்சபையிலே இருக்கும்போது என்னை அழைப்பானேன் என்று கேட்டேன். "தெரிந்தவர்கள் பேசினால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். தெரியாதவன் பேசினால், இவனே எழுதினான், நாமும் எழுதலாம் என்று துணிவார்கள்" என்றார். அந்த நியாயம் எனக்குச் சரியாகவே பட்டது. ஆகவே வந்து நிற்கின்றேன்.

என் வாழ்நாளில் நான் எழுதி முடித்தது ஒரேயொரு வெண்பா. அது நான்கு அடி. அதற்கு எனக்கு ஏறக்குறைய பதினொரு மாதம் சென்றது. அந்தக் கதையைச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு சரக்கில்லை.

என் தந்தையாரின் தாயார் காலமானபோது நான் முதலாம் வருட மாணவன். நாங்கள் அவரை ஆச்சி என்போம். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கவேண்டுமென்று வீட்டிலே பேச்சு வந்தது. வெளியூர் அன்பர்கள் யாரேனும் இங்கே இருப்பின் ஒரு வார்த்தை: யாழ்ப்பாணத்திலே நாங்கள் கல்வெட்டு என்பது கல்லிலே வெட்டுவதன்று. இறந்தவர்மீது பாடி, முப்பத்தோராம் நாள் அச்சிட்டு வழங்கும் சிறு புத்தகம் அது. இப்போது பல வீடுகளில் அதற்கு "நினைவு மலர்" என்று பெயர் மாறிவிட்டது. வர்ணப் படங்கள் கூடி, பாட்டுக் குறைந்துவிட்டது. எங்கள் வீட்டிலே பழைய முறைப்படியே செய்வதென்று முடிவாயிற்று. முதலிலே திதி வெண்பா: வருடம், மாதம், பட்சம், திதி எல்லாவற்றையும் நான்கு அடிக்குள் அடக்குவது. பின்பு குலமும் ஊரும் சொல்லும் வரலாறு. அதன்பின் புலம்பல்கள்: மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல்.

பாடித் தருபவர் ஒருவர் வந்தார். பெயர்களையும் உத்தியோகங்களையும் திதியையும் குறித்துக்கொண்டு போனார். சொன்ன நாளிலே பாடல்கள் வந்துவிட்டன. யாப்பிலே பிழையில்லை. அந்தியேட்டியன்று என் சித்தப்பா எழுந்து இராகத்தோடு வாசித்தார். பேரப்பிள்ளைகள் புலம்பல் வந்தது. அஃதாவது என் வாயிலே வைத்துப் பாடப்பட்ட பகுதி. அதிலே ஆச்சி எனக்குப் பாற்சோறு ஊட்டினார், நிலாவைக் காட்டினார், மடியிலே வைத்து வேதம் சொன்னார். சபையோரே, எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நிலா எழும்பும் நேரத்தில் அவர் நித்திரைக்குப் போய்விடுவார். விடிய நான்கு மணிக்கு எழுந்து வேலை செய்தவர் வேறென்ன செய்வார்?

சரி, புலவர் வழக்கு அப்படித்தானே என்று இருந்துவிட்டேன். ஒரு மாதங் கழித்து வேறொரு வீட்டுக் கல்வெட்டு என் கைக்கு வந்தது. அங்கேயும் அதே பாற்சோறு, அதே நிலா. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் மாத்திரம் மாறியிருந்தன. எனக்கு வந்த கோபம் கொஞ்சமன்று.

அந்தக் கோபத்தோடு நான் செய்யப் புகுந்த காரியம், ஆச்சிமீது நானே ஒரு பாட்டு எழுதுவது. மேசையிலே இருந்தேன். ஒரு வரியும் வரவில்லை. அன்றைக்குத்தான் ஒரு உண்மை விளங்கிற்று. எனக்குப் பாட்டுத் தெரியாது என்பதில்லை. நிறையத் தெரியும். நான் மிசன் பாடசாலையிலே, விடுதியிலே தங்கிப் படித்தவன். அங்கே ஆங்கிலக் கவிதைகளை மனனஞ் செய்யவைத்தார்கள். வேட்ஸ்வேர்த் என்னும் கவிஞர் டஃபோடில் என்ற மஞ்சட் பூவைப் பாடிய பாட்டை இப்போது கேட்டாலும் ஒரு சொல் தவறாமற் சொல்வேன். அந்தப் பூவை இன்றுவரை நான் நேரிற் கண்டதில்லை. காணாத பூவுக்குப் பாட்டு உண்டு. என்னை வளர்த்த கைக்கு ஒரு அடி இல்லை.

இதனால் நான் மிசன் பாடசாலையைக் குறைகூறுகின்றேன் என்று பெரியோர்கள் மகிழ்ந்துவிடவேண்டாம். அங்கேதான் பாட்டை வாய்விட்டுச் சொல்லவும், மனத்திலே வைத்துக்கொள்ளவும் பழகினேன். அந்தப் பழக்கம் பின்பு உதவிற்று. மேலும் தமிழ் யாப்புக்கும் மிசன் பாடசாலைக்கும் பகை என்று எண்ணுவதற்கு நம் வரலாறே இடந்தராது. 1823இலே தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1857இலே சென்னைச் சர்வகலாசாலையின் பட்டம் பெற்றார். 1887இலே கலித்தொகையை அச்சேற்றினார். ஆறுமுக நாவலர் அவர்கள் வெஸ்லியன் மிசன் பாடசாலையிலே படித்து, அங்கேயே பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பிலும் துணைநின்றவர். சுவாமி விபுலாநந்தர் மட்டக்களப்பு மிசன் கல்லூரிகளிற் பயின்று விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1947இலே யாழ் நூலைத் தந்தவர். குறை என்னுடையதேயன்றிப் பாடசாலையுடையதன்று.

அந்த டஃபோடில் பாட்டைப்பற்றி இன்னொரு செய்தி. விடுதியிலே படித்தபோது யாரும் எனக்குச் சொல்லவில்லை. பல்கலைக்கழக நூலகத்திலேதான் தெரிந்துகொண்டேன். கவிஞர் அந்தப் பூக்களைக் கண்டது 1802 ஏப்பிரில் மாதத்திலே, ஓர் ஏரிக்கரையிலே. பாட்டிலே தாம் தனியே திரிந்ததாகச் சொல்கின்றார்; உண்மையில் தங்கை டொரதி கூடவே நடந்து போயிருக்கின்றார். பூக்கள் எப்படிக் காற்றிலே அசைந்தன, எப்படிக் கற்களின்மேல் சாய்ந்து கிடந்தன என்று தம் நாட்குறிப்பிலே எழுதிவைத்தவர் அந்தத் தங்கை. பாட்டுப் பிறந்தது இரண்டு வருடங் கழித்து. அச்சானது 1807இலே. பாட்டிலே மிகச் சிறந்த இரண்டு அடிகள் தம் மனைவி மேரி தந்தவை என்று கவிஞரே சொல்லியுமிருக்கின்றார். பார்த்தீர்களா? தனியே திரிந்தவன் பாட்டு என்று நான் ஒப்புவித்தது ஒரு வீட்டாரின் பாட்டு. ஒருவர் கண்டு குறித்துவைக்க, ஒருவர் இரண்டு அடி கொடுக்க, ஒருவர் இரண்டு வருடம் மனத்திலே போட்டு வைத்திருக்க உண்டான பாட்டு.

இதைப் படித்தபின்பு கல்வெட்டுப் பாடியவர்மீது எனக்கிருந்த கோபம் ஆறிற்று. அவருக்கு நாங்கள் கொடுத்தது என்ன? பெயர், ஊர், பிள்ளைகளின் உத்தியோகம். பெரிய மகன் எங்கே வேலை, இளைய மகள் எந்த நாட்டிலே இருக்கின்றார் என்பதைத்தான் விரித்து விரித்துச் சொன்னோம். ஆச்சி கடகம் இழைப்பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. கொடாத ஓலையிலே அவர் எப்படி இழைப்பார்? ஆகவே பாற்சோறும் நிலாவும் போட்டு நிரப்பிவிட்டார்.

அந்தக் கடகத்தைப்பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். திண்ணையிலே, காலை நீட்டியிருந்து, பனஞ் சார்வோலையைக் கிழித்து நனைத்து ஆச்சி இழைத்த கடகம் ஒன்று எங்கள் அடுக்களையிலே இன்னும் இருக்கின்றது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் முடிவிலே வலிகாமம் முழுவதும் ஒரே இரவிலே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்ததை இங்கேயுள்ள பெரியோர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நான் அப்போது பிறக்கவில்லை. என் தந்தையார் சொல்லக் கேட்டது: ஆச்சி அந்தக் கடகத்திலே அரிசியும் ஒரு குத்துவிளக்கும் காணி உறுதியும் வைத்துத் தலையிலே சுமந்துகொண்டு, மழையிலே, சனநெரிசலிலே, நாவற்குழிப் பாலத்தைக் கடந்தாராம். "உறுதி நனையாமல் ஓலைப்பாயை மேலே போட்டா, தான் நனைஞ்சா" என்பார் தந்தையார். அதற்குமேலே சொல்லமாட்டார், எழுந்து போய்விடுவார்.

கவிதை ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடை அங்கேதான் இருக்கின்றது. சாதாரணப் பேச்சிலே சொல்லத் தொடங்கினால் எழுந்து போய்விடவேண்டிய செய்திகள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அவற்றை இருந்து சொல்வதற்கு ஒரு கட்டு வேண்டியிருக்கின்றது. ஒப்பாரி வைத்த பெண்கள் இதை அறிந்திருந்தார்கள். வெறும் அழுகையென்றால் தொண்டை அடைத்துவிடும். இராகமும் எதுகையும் பிடித்துக்கொண்டால் விடியும்வரை சொல்லலாம்.

நிற்க. எழுதியது எப்படி என்று சொல்கின்றேன்.

எங்கள் ஒழுங்கையிலே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கின்றார். ஊரிலே பண்டிதர் ஐயா என்பார்கள். விடுமுறையிலே அவரிடம் போய் "எனக்கு வெண்பா எழுதவேண்டும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. காரிகையை எடுத்துத் தரவுமில்லை. "தம்பி, கணக்குப் படிக்கிறீர், விரல் விட்டு எண்ணத் தெரியுந்தானே?" என்றார். அவ்வளவுதான் பாடம். தனிக்குறில், தனிநெடில், அவை மெய்யோடு வந்தால் என இவை ஒரு தட்டு: நேர். குறிலோடு இன்னோர் எழுத்துச் சேர்ந்து வந்தால் இரண்டு தட்டு: நிரை. ஆச்சி என்றால் நேர் நேர், தேமா. கடகம் என்றால் நிரை நேர், புளிமா. இரண்டு மூன்று நாள் வீதியிலே காணும் பெயர்ப்பலகைகளையெல்லாம் தட்டிக்கொண்டே திரிந்தேன். பஸ் நடத்துநர் கூவும் ஊர்ப்பெயர்களையும் விடவில்லை. பக்கத்திலே இருந்தவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

அடுத்ததாகச் சொன்னது தளை. மாவுக்குப் பின் நிரை வரவேண்டும். விளத்துக்குப் பின் நேர். காய்க்குப் பின்னும் நேர். ஈற்றடிக்கு மூன்றே சீர். அதன் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளுள் ஒன்றாய் முடியவேண்டும். வெண்பாவின் சட்டம் இதற்குமேல் அதிகமில்லை. சதுரங்கத்தின் விதிகளை ஒரு பொழுதிலே கற்றுக்கொள்ளும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய காரியமா?

சட்டம் தெரிந்ததும் முதலடி எழுதினேன்:

எழுத்தறியாய் ஆச்சி பின்னிய கடகம்

கொண்டுபோய்க் காட்டினேன். பண்டிதர் ஐயா விரலை மடக்கினார். "ஆச்சி, தேமா. அதுக்குப் பின்னாலே நிரை வரவேணும். நீர் வைச்ச 'பின்னிய' நேரிலே தொடங்குது. அது ஒரு பிழை. 'பின்னிய' கூவிளம், அதுக்குப் பின்னாலே நேர் வரவேணும், கடகம் நிரையிலே தொடங்குது. அது இரண்டாம் பிழை" என்றார். அதோடு நிறுத்தவில்லை. "மூன்றாம் பிழை ஒன்று இருக்கு. அது காரிகையிலே இல்லை. போய்க் கண்டுபிடியும்" என்று அனுப்பிவிட்டார்.

கிழமைகள் சென்றன. "முடைந்த" என்று போட்டேன், தளை சரி. ஆனால் எங்கள் வீட்டிலே யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ஒருநாள் அடுக்களையிலே மாமி, என் தந்தையாரின் தமக்கை, யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். "அந்த நாளையிலே கிடுகு பின்னுறது ஆம்பிளையளும் செய்வினம், கடகம் இழைக்கிறது பொம்பிளையள்தான்" என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். கிடுகுதான் பின்னுவது. பாயும் பெட்டியும் கடகமும் இழைப்பது. இருபது வயது வரைக்கும் கடகத்தைப் பார்த்து வளர்ந்தவன், அதற்குரிய சொல்லைத் தவறவிட்டிருக்கின்றேன். விரல் மடக்கிப் பார்த்தேன். இழைத்த: நிரை நேர், புளிமா. ஆச்சிக்குப் பின்னே நிரை வந்துவிட்டது. இழைத்த என்பதற்குப் பின்னே கடகமும் நிரையாய் வந்து பொருந்திற்று. எகரத்துக்கு இகரம் மோனையும் ஆயிற்று. ஒரு சொல்லை மாற்ற மூன்று பிழையும் போயின.

சகோதரர்களே, யாப்பு ஒரு விலங்கு, அதைத் தகர்த்தெறிந்தாற்றான் கவிதை பிறக்கும் என்று கூறுவோர் உண்டு. யாப்பில்லாமலும் நல்ல கவிதை எழுதுகின்றார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என்போன்ற கற்றுக்குட்டிக்கு யாப்புச் செய்த உபகாரத்தை நான் சொல்லாமலிருக்க முடியாது. முதலில் வாய்க்கு வந்த சொல்லை அது ஏற்றுக்கொள்ளவில்லை. திரும்பிப் போய்த் தேடு என்றது. தேடப் போன இடம் அகராதியன்று, எங்கள் அடுக்களை.

பதினோராம் மாதம் வெண்பா முடிந்தது. ஆட்டைத் திவசத்துக்கு முதல்நாள் பண்டிதர் ஐயா "பிழையில்லை" என்றார். "நல்லாயிருக்கு" என்று சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகத் தெரிவிக்கின்றேன்.

எழுத்தறியாய் ஆச்சி, இழைத்த கடகம்
பொழுதெல்லாம் பாரம் பொறுத்தும் அவிழாது;
கற்றயான் கட்டும் கவிதை ஒருமாதம்
நிற்குமோ நின்முன் நிமிர்ந்து.

தனிச்சொல் இல்லை, ஆகவே இன்னிசை வெண்பா. "பாரம்" என்ற சொல்லிலே நாவற்குழிப் பாலம் இருக்கின்றது. வெளியார்க்கு அது தெரியாது. எங்கள் வீட்டார்க்குத் தெரியும். "ஒருமாதம்" என்பது கல்வெட்டுக்குச் சொன்னது.

எழுத விரும்பும் தம்பி தங்கையருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சந்தான். பெரிய பொருள்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தமிழன்னை, இயற்கை, ஒற்றுமை என்று நமது மலருக்கு வரும் பாட்டுக்கள் எல்லாம் எனக்கு அந்தப் பாற்சோற்றையே நினைவூட்டுகின்றன, எழுதியவர்கள் மன்னிக்கவேண்டும். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் 1953இலே மறைந்தார். பக்திப் பாடல்கள் பல பாடிய அப்பெரியார் ஆடிப்பிறப்புக் கூழையும், கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடுவது தமக்குக் குறைவென்று எண்ணவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றும் வாயிலே நிற்பன அவைதாம். அளவெட்டி தந்த மஹாகவி, ஆங்கிலத்திலே ஐந்தடியாக வழங்கும் வேடிக்கைப் பாட்டின் உருவத்தை எடுத்து, தமிழோசைக்குள் அமைத்து, 1966இலே "குறும்பா" என்று ஒரு நூலே தந்தார். அதிலே வருபவர்கள் நம் ஊர் மனிதர். எனவே பிறர் பாட்டைப் படிப்பதிலே தவறில்லை. வாய்விட்டுப் படியுங்கள், மனனஞ் செய்யுங்கள், எந்த மொழியென்றாலும் சரி. எழுதும்போது மாத்திரம் கைக்கெட்டிய பொருளை எடுங்கள். உரல், துலா, உடைந்த சைக்கிள், தபாற்காரர். அதற்கு வீட்டிலே வழங்கும் சொல் எதுவென்று வயதானவர்களைக் கேளுங்கள். கேட்கக்கூடியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். நான் ஆச்சியைக் கேட்கவில்லை. எழுதியதைப் பாராட்டுபவரிடம் காட்டாமல், விரல் மடக்கிப் பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை ஒரு வெண்பா கொண்டுவந்தால் "இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?" என்று கேளாதிருங்கள். பரீட்சைக்கு வராதுதான். கல்வெட்டுக்கு வரும். நமது அந்தியேட்டியிலே நம்மைப்பற்றி வாசிக்கப்போவது பாற்சோறா, கடகமா என்பது நாம் இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பதைப் பொறுத்தது. கூலிக்குப் பாடுபவர் வந்தாலும் உத்தியோகத்தோடு நிறுத்தாமல் நான்கு காரியத்தைச் சொல்லிவிடுங்கள். அவர் நன்றாகவே பாடுவார்.

காரியதரிசி மணியைப் பார்க்கின்றார். ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன். ஆட்டைத் திவசத்தன்று, படையல் முடிந்தபின், ஆச்சியின் படத்துக்கு முன்னே என் வெண்பாவை வாசித்தேன். தந்தையார் எழுந்து போகவில்லை. கடைசி அடிவரை இருந்தார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுக்களையிலிருந்து கடகத்தையே தூக்கி வந்து என் முன்னே வைத்தார்.

"பாட்டுச் சரி தம்பி. ஆனா இங்க பார். இழைச்சது அம்மாதான். இந்த விளிம்புக்கு நார் வைச்சுக் கட்டினது ஆர்? நான். அது பாட்டிலே எங்க?"

அதற்கு இன்னொரு வெண்பா வேண்டும். விளிம்பு: நிரை நேர். அடுத்த சீருக்காக நான்கு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கின்றேன்.